பறக்காத ஆசிரியர்கள் - வெண்தலைக் கழுகின் இன்னொரு வரலாறு



போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. "விலங்குகளை அடைத்து வைத்து மனிதனுக்குப் பாடம் நடத்துவது சரியா?" என்பது தலைப்பு. எனக்குக் கிடைத்தது "சரியல்ல" என்ற கட்சி. சுதந்திரம், சிறை, சுயநலம் என்று வெளுத்து வாங்கிவிட்டேன் என்ற நினைப்பில் உட்கார்ந்தேன். எதிர்க்கட்சியில் இருந்த தோழி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இறக்கை ஒடிந்த கழுகைத் திறந்து விட்டால் அது எங்கே போகும்?"

பதில் தெரியவில்லை. நல்ல வேளை, மணி அடித்துவிட்டது. :-)

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடித் தேடிப் படித்ததில் ஒரு பறவையின் கதை கிடைத்தது. அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு. டாலர் நோட்டிலும், அதிபர் பேசும் மேசையிலும், தூதரக வாசலிலும் இறக்கை விரித்து நிற்குமே, அதே கழுகுதான். அதன் வரலாற்றைப் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்: "அழியும் நிலைக்குப் போனது, சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள்." அந்த இரண்டு வரிக்கு நடுவே, அடிபட்டு, பறக்க முடியாமல், மனிதர்கள் நடுவிலேயே வாழ்ந்து தீர்த்த கழுகுகளின் கதை ஒன்று இருக்கிறது. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

முதலில் பெயர்

ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்து "வழுக்கைக் கழுகு" என்று சிலர் எழுதுகிறார்கள். பாவம், அதற்கு வழுக்கையெல்லாம் இல்லை. தலை நிறைய வெள்ளை இறகுதான். 'பால்ட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வெள்ளை என்றொரு பொருள் இருந்தது, அதிலிருந்து வந்த பெயர் இது. அந்த வெள்ளையும் பிறவியிலேயே வருவதில்லை. நான்கைந்து வயது வரை தலை முதல் வால் வரை பழுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு தகவல். சினிமாவில் கழுகைக் காட்டும்போது "கீ...ஈ...ஈ" என்று மயிர்க்கூச்செறிய ஒரு குரல் வருமே, பல படங்களில் அது இந்தக் கழுகின் குரலே அல்ல. செவ்வால் பருந்து என்ற வேறொரு பறவைக்குச் சொந்தமான குரல். நிஜக் கழுகின் குரல் மெல்லிய கீச்சொலி. இரண்டு மீட்டர் அகலத்துக்கு இறக்கை விரிக்கும் பறவைக்கு இவ்வளவு சின்னக் குரலா என்று இயக்குநர்களுக்குப் பிடிக்கவில்லை போலும். சின்னம் ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்ததற்கு இது ஓர் உதாரணம். இந்தப் பிரிவுதான் கதை முழுக்க வரப்போகிறது.

முத்திரையில் ஏறிய கழுகு

1782 ஜூன் 20 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் தன் நாட்டின் பெருமுத்திரையை ஏற்றுக்கொண்டது. வெண்தலைக் கழுகு ஒரு காலில் ஒலிவக் கிளையும் மறு காலில் அம்புகளும் பிடித்து அதில் நின்றது. பெஞ்சமின் பிராங்க்ளின் இதை எதிர்த்து வான்கோழியைச் சின்னமாக்கச் சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் அப்படிக் காங்கிரஸில் வாதாடவில்லை. முத்திரை வந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 1784 ஜனவரியில் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், முன்னாள் ராணுவ அதிகாரிகள் சங்கம் ஒன்றின் பதக்கத்தைக் கேலி செய்தார். பதக்கத்தில் இருந்த கழுகு வான்கோழி மாதிரி இருக்கிறதாம். அதுவும் நல்லதுதான், கழுகு ஒழுக்கம் கெட்ட பறவை, விரால் அடிப்பான் கஷ்டப்பட்டுப் பிடித்த மீனைத் தட்டிப் பறிக்கும் சோம்பேறி என்ற கருத்தில் எழுதியிருந்தார்.

ஒழுக்கம் கிடக்கட்டும், பிராங்க்ளின் பறவையைக் கவனித்திருக்கிறார். இந்தக் கழுகு மற்ற பறவைகளிடம் மீனைப் பறிப்பது உண்மை. செத்த பிராணிகளைத் தின்பதும் உண்மை. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போருக்குப் போன கழுகு

மனிதர்கள் நடுவே வாழ்ந்த வெண்தலைக் கழுகுகளில் மிகப் புகழ்பெற்றது 'ஓல்ட் ஏப்'. 1861இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓஜிப்வே பழங்குடியினர் ஒருவர் கூட்டிலிருந்து இந்தக் குஞ்சை எடுத்தார். சோளத்துக்குப் பண்டமாற்றாக ஒரு குடியேறியின் வீட்டுக்குப் போனது. உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த நேரம். படைக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த இளைஞர்கள் இரண்டரை டாலருக்கு அதை வாங்கினார்கள். அதிபர் ஆபிரகாம் லிங்கனின் செல்லப் பெயரையே வைத்தார்கள்.

விஸ்கான்சின் எட்டாவது காலாட்படை போன இடமெல்லாம் இந்தக் கழுகும் போனது. ஒரு கம்பின் உச்சியில் இருக்கைக் கட்டை, அதன்மேல் கழுகு, காலில் கயிறு. கொடிக்குப் பக்கத்தில் ஒரு வீரர் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார். 1862இல் கொரிந்த், 1863இல் விக்ஸ்பர்க் என்று பெரிய சண்டைகளில் எல்லாம் குண்டுகளுக்கு நடுவே அது இருந்தது. 1864இல் போர்க்களத்திலிருந்து திரும்பியதும் மாநில அரசிடம் ஒப்படைத்தார்கள். தலைமைச் செயலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் அதற்கென்று ஓர் அறை. 1865இல் சிகாகோவில் காயம்பட்ட வீரர்களுக்காக நடந்த கண்காட்சியில் அதன் படங்களை விற்று நிதி சேர்த்தார்கள். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சிக்கும் கொண்டு போனார்கள். கூட்டம் அலைமோதியது.

1881இல் அந்த அடித்தளத்தில் தீப்பிடித்தது. புகை கழுகின் நுரையீரலைக் கெடுத்தது. மார்ச் 26 அன்று அது இறந்தது. பாடம் செய்து வைத்த உடலும் 1904இல் அதே கட்டடத்தில் ஏற்பட்ட இன்னொரு தீயில் போயிற்று. இன்றும் அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் சின்னத்தில் இருப்பது ஓல்ட் ஏப்தான்.

இந்தக் கதையைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. லட்சக்கணக்கான மக்கள் அந்தக் கழுகைப் பார்த்தார்கள், கைதட்டினார்கள், அழுதார்கள். அதனால் காட்டில் இருந்த ஒரு கழுகுக்காவது நன்மை விளைந்ததா? இல்லை. அவர்கள் பார்த்தது ஒரு கொடியை. அதற்கு இறகு இருந்தது, அவ்வளவுதான்.

தலைக்கு விலை

ஓல்ட் ஏப் இறந்து 36 ஆண்டுகள் கழித்து, 1917இல், அலாஸ்கா கழுகின் தலைக்கு விலை வைத்தது. கழுகுகள் சால்மன் மீனைத் தின்று தீர்க்கின்றன, நரிப் பண்ணைகளில் குட்டிகளைத் தூக்குகின்றன என்பது குற்றச்சாட்டு. கொன்றதற்கு அடையாளமாகக் கால்களைக் கொண்டுவந்து காட்டினால் பணம். முதலில் ஒரு கழுகுக்கு 50 சென்ட். பிறகு விலை ஏறியது. 1953இல் இந்தத் திட்டம் முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கழுகுகள் கொல்லப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால், 1940இலேயே காங்கிரஸ் வெண்தலைக் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நாட்டின் சின்னத்தைக் கொல்லக்கூடாது, வைத்திருக்கக்கூடாது, விற்கக்கூடாது. ஆனால் அந்தச் சட்டத்தில் அலாஸ்காவுக்கு விலக்கு! ஒரே நாடு, ஒரே பறவை. ஓரிடத்தில் கொன்றால் தண்டனை, இன்னோரிடத்தில் கொன்றால் சன்மானம்.

வங்கி மேலாளரும் முட்டை ஓடும்

துப்பாக்கியை விடப் பெரிய எதிரி டிடிடி வடிவில் வந்தது. 1939இல் பால் முல்லர் அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டுபிடித்தார், 1948இல் நோபல் பரிசு பெற்றார். போருக்குப் பிறகு அமெரிக்காவில் வயல், சதுப்பு நிலம், கடற்கரை என்று எங்கும் தெளித்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு மனிதர் வருகிறார். சார்லஸ் பிரோலி. கனடாவில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1939இல், அறுபதை நெருங்கும் வயதில், புளோரிடாவில் உயர்ந்த மரங்களில் ஏறிக் கழுகுக் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டத் தொடங்கினார். (எங்கள் தெரு மாமாக்கள் ஓய்வுக்குப் பிறகு நாளிதழைத் தவிர எதையும் தொடுவதில்லை!) ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழுகுகளுக்கு வளையம் மாட்டினார். 1940களின் பிற்பகுதியிலிருந்து கூடுகளில் குஞ்சு குறைவதைக் கண்டார். கூடு இருக்கிறது, ஜோடி இருக்கிறது, குஞ்சு இல்லை. 1958இல் டிடிடிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' நூலில் பிரோலியின் கணக்குகள் இடம்பெற்றன.

நடந்தது இதுதான். டிடிடி மழையில் அடித்துச் செல்லப்பட்டு ஆற்றுக்குப் போகிறது. சிறு உயிர்களிலிருந்து சிறு மீனுக்கு, அதிலிருந்து பெரிய மீனுக்கு, கடைசியில் கழுகுக்கு. ஒவ்வொரு படியிலும் அளவு கூடுகிறது. உடலில் அது டிடிஈ என்ற பொருளாக மாறி, முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து சேர்வதைக் கெடுக்கிறது. ஓடு மெலிகிறது. அடைகாக்க உட்காரும் தாயின் எடை தாங்காமல் முட்டை நொறுங்குகிறது.

1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக 48 மாநிலங்களிலும் சேர்த்து எஞ்சியவை 500க்கும் குறைவான ஜோடிகள். 1972இல் டிடிடி தடை செய்யப்பட்டது. 1973இல் அழியும் உயிரினங்கள் சட்டம். 1976இல் நியூயார்க் மாநிலம் ஒரு முயற்சியைத் தொடங்கியது. வேறு இடங்களிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, கோபுரத்தில் வைத்த கூட்டில், மனிதர் கண்ணில் படாமல் உணவு கொடுத்து வளர்த்து, பறக்கும் வயதில் திறந்துவிட்டார்கள். 1989 வரை 198 குஞ்சுகள். அவற்றில் பெரும்பாலானவை எங்கிருந்து வந்தன தெரியுமா? அலாஸ்காவிலிருந்து! கால்களுக்குக் காசு கொடுத்த அதே மண் கடைசியில் குஞ்சுகளைத் தந்தது.

மூன்று கதவுகள்

இனம் மெல்ல மீண்டது. எண்ணிக்கை கூடக் கூட அடிபட்ட கழுகுகளும் கூடின. துப்பாக்கிச் சூடு, மின்கம்பி, வலைப்பொறி, கார். இவற்றை யார் பார்ப்பது? 1974இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் ரெடிக், கேரி டியூக் இருவரும் வேட்டைப் பறவைகளுக்காக ஒரு மருத்துவ மையத்தைத் தொடங்கினார்கள். 1980இல் அலாஸ்காவின் சிட்கா நகரிலும் ஒரு மையம் தொடங்கியது. பிறகு நாடு முழுக்கப் பரவின.

அடிபட்ட ஒரு கழுகு இந்த மாதிரி மையத்துக்கு வந்தால் அதன் முன்னால் மூன்று கதவுகள் உண்டு. ஒன்று, குணமாகி வானத்துக்குப் போவது. இதுதான் நோக்கம். இரண்டு, கருணைக் கொலை. மூன்று, அனுமதி பெற்ற இடத்தில் மனிதர்களோடு வாழ்ந்து, மக்களுக்குப் பாடம் சொல்வது.

இரண்டாவது கதவைப் படித்தபோதுதான் விவாதத்தில் நான் பேசியது எவ்வளவு மேலோட்டம் என்று புரிந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி விதி இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. தானாக உண்ண முடியாத, நேராக உட்கார முடியாத, முற்றிலும் பார்வை இழந்த பறவையை வைத்திருக்கக் கூடாது. காலையோ, முழங்கை மூட்டிலோ அதற்கு மேலோ இறக்கையையோ வெட்ட வேண்டிய நிலை வந்தால், தனி அனுமதி இல்லாவிட்டால் கருணைக் கொலைதான். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, இல்லையா? காரணம் இதுதான்: உயிர் இருந்தால் மட்டும் போதாது, அந்த உயிருக்கு வலியில்லாத வாழ்க்கையும் இருக்க வேண்டும். பார்க்கிறவர்களின் இரக்கத்தைத் திருப்திப்படுத்துவதற்காக ஒரு பறவையை இழுத்துப் பிடித்து வைக்கக் கூடாது.

மூன்றாவது கதவும் எல்லாருக்கும் திறப்பதில்லை. சில கழுகுகள் மனிதர் அருகே வந்தாலே பதறிச் சுவரில் மோதிக்கொள்ளும். அவற்றுக்கு மனிதர் நடுவே வாழ்வது தினமும் ஒரு சித்திரவதை. மனிதரைச் சகித்துக்கொள்ளும் குணம் உள்ளவற்றுக்கே அந்த வேலை.

ஒரு நாள் வேலை

கல்விப் பறவையின் நாள் எப்படி இருக்கும்? காலையில் தராசில் ஏறி நிற்க வேண்டும். எடையை வைத்துத்தான் உணவு. மீன், எலி, காடை என்று மாறி மாறிக் கொடுப்பார்கள். பிறகு பயிற்சி. பயிற்சியாளர் தடித்த தோல் கையுறை மாட்டியிருப்பார். கழுகின் இரு கால்களிலும் தோல் பட்டையும் வாரும் இருக்கும். நான்கைந்து கிலோ எடையுள்ள பறவையை ஒற்றைக் கையில் தாங்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசுவது சாதாரண வேலை இல்லை. மிரண்டால் கழுகு கையிலிருந்து பாய்ந்து தலைகீழாகத் தொங்கும், மெல்லத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். அடித்தோ பட்டினி போட்டோ பழக்க முடியாது. சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு மீன், நம்பிக்கை வரும் வரை பொறுமை. அவ்வளவுதான் ரகசியம்.

இந்த ஆசிரியர்கள் சிலரை அறிமுகப்படுத்துகிறேன்.

*சேலஞ்சர்:* 1989இல் லூசியானாவில் புயலில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு. நல்ல மனது படைத்தவர்கள் எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. குஞ்சுப் பருவத்தில் யார் ஊட்டுகிறார்களோ அவர்களையே தன் இனம் என்று பறவை நம்பிவிடும். திறந்து விட்டால் மனிதர்களிடமே பசியோடு வந்து நின்றது. உடம்பில் ஒரு காயமும் இல்லை, ஆனாலும் காட்டுக்குப் போக முடியாது. 1986இல் வெடித்த விண்கலத்தின் வீரர்கள் நினைவாகப் பெயர் வைத்தார்கள். டென்னசியில் உள்ள அமெரிக்கக் கழுகு அறக்கட்டளை அதை வளர்த்தது. தேசிய கீதம் ஒலிக்கும்போது விளையாட்டு அரங்கத்துக்குள் பறந்து வந்து பயிற்சியாளர் கையில் இறங்கியது. 1999இல் வெள்ளை மாளிகை விழாவில் அதிபர் கிளின்டன் பக்கத்தில் அமர்ந்திருந்ததும் இதுதான்.

*ஹாரியட்:* 1998இல் வாகனம் மோதி இறக்கை போனது. மினசோட்டாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் வபாஷா என்ற சிற்றூரின் தேசியக் கழுகு மையத்தில் வாழ்ந்தது. அந்த மாநிலத்தின் ஒரு வகை வாகன எண் பலகையில் இருப்பது ஹாரியட்டின் படம். வாகனத்தால் வானத்தை இழந்த பறவை, வாகனங்களின் முன்னால் ஊர் சுற்றுகிறது!

*வோல்ட்டா:* சிட்கா மையத்தில் இருந்தது. மின்கம்பியில் மோதிய கழுகு. பெயரே காரணம் சொல்லிவிடுகிறது.

*பியூட்டி:* 2005இல் அலாஸ்காவில் யாரோ சுட்டதில் மேல் அலகு போய்விட்டது. பட்டினியால் சாகக் கிடந்தது. ஐடஹோவில் ஜேன் வெல்ட்காம்ப் என்ற பறவை நிபுணர் ஏற்று வளர்த்தார். 2008இல் ஒரு பொறியாளர் முப்பரிமாண அச்சு முறையில் செயற்கை அலகு செய்து பொருத்தினார். அன்று அது தானாகத் தண்ணீர் குடித்தது. அந்த அலகு நிரந்தரத் தீர்வாக அமையவில்லை, ஆனால் பள்ளிக்கூடங்களில் அறிவியல் பாடமாகவே அது மாறிவிட்டது.

இவற்றைப் படிக்கும்போது ஒன்று கவனித்தேன். ஓல்ட் ஏப்பைக் காட்டியபோது மக்களிடம் சொன்னது போரின் கதை. இவற்றைக் காட்டும்போது சொல்வது அவற்றின் சொந்தக் கதை. புயல், கார், கம்பி, துப்பாக்கி. புயலைத் தவிர மற்றதெல்லாம் நம் கைவேலை. சேலஞ்சர் விஷயத்தில் நம் அன்பும் குற்றவாளிதான்.

யாருக்குச் சொந்தம்?

இந்தக் கழுகுகள் எந்த மையத்துக்கும் சொந்தமில்லை. அனுமதி பெற்றுப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். விற்கவோ வாங்கவோ முடியாது. உதிர்ந்த ஓர் இறகைக் கூடச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் குற்றம். கொலராடோவில் தேசியக் கழுகுக் களஞ்சியம் என்ற அரசு நிலையம் இருக்கிறது. உதிரும் இறகுகளும் இறந்த கழுகுகளும் அங்கே போகும். அங்கிருந்து, கழுகின் இறகைப் புனிதமாகக் கருதும் பழங்குடி மக்களின் சடங்குகளுக்கு வழங்குகிறார்கள்.

இறகுக்கு இன்னொரு பயனும் உண்டு. சிகிச்சைக்கு வந்த காட்டுக் கழுகின் இறகு முறிந்திருந்தால், அடுத்த இறகுதிர் காலம் வரை பறக்க முடியாது. அப்போது சேமித்து வைத்த இறகு ஒன்றை, மூங்கில் சிம்பு செருகிப் பசை வைத்து முறிந்த தண்டோடு ஒட்டிவிடுவார்கள். பருந்து வளர்ப்பவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் வித்தை. பறக்காத ஆசிரியர் உதிர்த்த இறகால் இன்னொரு கழுகு பறந்து போகலாம்.

பாடம் முடியவில்லை

2007இல் அழியும் உயிரினங்கள் பட்டியலிலிருந்து இந்தக் கழுகு நீக்கப்பட்டது. அப்போது 48 மாநிலங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். 2021இல் வெளியான அரசு அறிக்கை 71,400 ஜோடிகள் என்றது. 2024 டிசம்பரில்தான் சட்டப்படி தேசியப் பறவையாகவே அறிவித்தார்கள். முத்திரையில் ஏறி 242 ஆண்டுகள் கழித்து!

அப்படியானால் ஆசிரியர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது வருகிறது. இந்தக் கழுகு செத்ததைத் தின்னும். மான் வேட்டைக்காரர்கள் ஈயக் குண்டால் சுட்டு, குடலை உருவிப் போட்டுவிட்டு இறைச்சியை எடுத்துப் போகிறார்கள். குண்டு உடலுக்குள் தூள்தூளாகச் சிதறியிருக்கும். கழுகு அந்தக் குடலைத் தின்கிறது. அதன் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைக்கிறது. பிறகு நிற்க முடியாது, பார்வை மங்கும், தலை தொங்கும்.

நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சிதறு குண்டுக்கு 1991இலேயே நாடு முழுதும் தடை வந்தது. கழுகுகள் செத்ததும் அதற்கு ஒரு காரணம். மான் வேட்டைக்கு அந்தத் தடை இல்லை. கலிபோர்னியா மட்டும் 2019இல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்தது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்ததில், கிட்டத்தட்ட பாதிக் கழுகுகளின் எலும்பில் நீண்டகால ஈய நஞ்சின் தடயம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், உடம்பிலிருந்து ஈயத்தை எடுக்கவில்லை.

வபாஷா மையத்தில் கொலம்பியா என்றொரு கழுகு இருந்தது. காரில் அடிபட்டு வந்ததைச் சோதித்தால் இரத்தத்தில் ஈயம். வேட்டைக்காரர்கள் நிறைந்த அந்த ஊர்களில் "ஈயம் கெட்டது" என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தால் யார் படிப்பார்கள்? ஆனால் அடுத்த மாதம் மானைச் சுடப் போகிற ஒருவர், இரண்டு மீட்டர் தூரத்தில் அந்தக் கழுகின் கண்ணைப் பார்த்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்கிறார். செம்புக் குண்டு கடையில் கிடைக்கிறது. மாற்றிக்கொள்வது அவர் கையில்.

மர்ஃபியின் கல்

கடைசியாக ஒருவர். மிசௌரியில் உலகப் பறவைச் சரணாலயத்தில் இருந்த மர்ஃபி. பறக்க முடியாத ஆண் கழுகு. 2023 மார்ச்சில், அப்போது 31 வயது, தரையில் கூடு கட்டி ஒரு கல்லை அடைகாக்கத் தொடங்கியது. பக்கத்தில் யார் வந்தாலும் சண்டை. பார்வையாளர்கள் கழுகுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற, "நலமாகத்தான் இருக்கிறது, கல்லை அடைகாக்கிறது" என்று அறிவிப்புப் பலகையே வைத்தார்கள். உலகமே சிரித்தது. நானும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவன்தான்.

ஏப்ரல் தொடக்கத்தில் புயலில் விழுந்த கூட்டிலிருந்து ஒரு குஞ்சு அங்கே வந்தது. சேலஞ்சரின் கதை தெரியுமல்லவா? மனிதர் ஊட்டினால் அதன் வாழ்க்கை போயிற்று. கல்லை எடுத்துவிட்டு, குஞ்சைச் சிறு கூண்டில் வைத்து மர்ஃபியின் பக்கத்தில் வைத்தார்கள். சில நாள் பார்த்தார்கள். மர்ஃபி மீனைக் கிழித்து ஊட்டியது. குஞ்சுக்குப் பெயர் வைக்கவில்லை, எண் மட்டும்தான். காட்டுக்குப் போக வேண்டியதற்குப் பெயர் எதற்கு? அது வளர்ந்து, பறந்து போனது. அடுத்த ஆண்டு இன்னொரு குஞ்சையும் வளர்த்தது மர்ஃபி. 2025 மார்ச்சில் அடித்த புயலில் தலையில் காயம் பட்டு இறந்தது. வயது 33.

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன். இறக்கை ஒடிந்த கழுகைத் திறந்துவிட்டால் அது எங்கும் போகாது, பட்டினியில் சாகும். அதனால் நான் விவாதத்தில் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதியைத்தான்! அந்தக் கழுகு பாடம் நடத்த விண்ணப்பம் போடவில்லை. நாம் சுட்டோம், மோதினோம், நஞ்சு வைத்தோம், பிறகு அதையே எதிரில் உட்காரவைத்து நமக்குப் புத்தி சொல்லச் சொல்கிறோம். அதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் வேண்டும். அந்தக் கூச்சம் போய்விட்டால் மறுபடி ஓல்ட் ஏப் காலத்துக்குப் போய்விடுவோம், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் காலத்துக்கு.

சரியா தவறா என்று என்னைக் கேட்டால், பார்த்துவிட்டுப் போகிறவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது என்பேன். அந்த வேட்டைக்காரர் குண்டை மாற்றினால் அந்தக் கழுகு உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தம் உண்டு.

நாளை வகுப்பில் அவளிடம் இதைச் சொல்லப் போகிறேன். இன்னொரு கேள்வி கேட்டு மடக்காமல் இருந்தால் சரி. :-)

அடுத்த பதிவில் சந்திப்போம்!